அந்தப் பக்கம் யாராவது எடுக்க வேண்டும்: கிராமச் சுகாதாரச் செயலிகளை உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

கிராமத்துச் சுகாதாரப் பணிக்காகச் செயலிகளை எழுதும் மென்பொருள் பொறியாளர்களுக்கும், அவற்றை எழுதச் சொல்லி வாங்கி எங்கள் கையில் கொடுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர். 30 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். அதில் கடைசிப் பதினான்கு வருடமும் கல்வராயன் மலையடிவாரத்தில், ஒரு துணை சுகாதார நிலையத்தில். ஊரில் எனக்கு நர்சம்மா என்றுதான் பெயர். சொந்தப் பெயர் தெரிந்தவர்கள் குறைவு.

போன வாரம் என்னிடம் வேலை பழகிய பெண் ஒருத்தி இரவு ஒன்பதரை மணிக்குக் கூப்பிட்டாள். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு என்ட்ரி போட உட்கார்ந்திருந்தாள். “அக்கா, புதுசா இன்னொரு ஆப் வருதாம். அடுத்த வாரம் டிரெயினிங். இதோட ஏழு” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. பத்து மணிக்கு மேல் சர்வர் கொஞ்சம் லேசாகும், அப்போது ஏற்றிவிடலாம் என்று காத்திருந்தாள். நானும் அப்படிப் பல வருடம் காத்திருந்தவள்தான். அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. காலையில் எழுந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன் வேண்டாம், பழையபடி பதிவேடே போதும் என்று சொல்ல வரவில்லை. போன் இல்லாத காலத்தையும் பார்த்தவள் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிரசவ வலி எடுத்தவளை மூங்கிலில் தூளி கட்டி இரண்டு பேர் தோளில் சுமந்து மலையிலிருந்து இறக்குவார்கள். கீழே வந்த பிறகுதான் வண்டி தேட வேண்டும். டாக்டருக்குச் சேதி சொல்ல டவுன் பஸ் கண்டக்டரிடம் துண்டுச் சீட்டுக் கொடுத்தனுப்பிய நாட்கள் உண்டு. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஓடத் தொடங்கியபோது எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நகரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். மூன்றே எண். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகூட அமுக்குவாள். அமுக்கினால் அந்தப் பக்கம் ஒரு மனிதக் குரல் தமிழில் “எங்கேயிருந்து பேசுறீங்க” என்று கேட்கும். கிராமத்து மருத்துவத்துக்கு வந்த தொலைபேசி வசதிகளில் இதற்கு இணையாக இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

இந்த மடலில் நான் கேட்கப்போவதும் அதைத்தான். அந்தப் பக்கம் யாராவது எடுக்க வேண்டும்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். பொழுது சாய்கிற நேரம். எட்டு மாதக் கர்ப்பிணிப் பெண் ஒருத்தியை அவளுடைய மாமியார் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு நிலையத்துக்கு வந்தார். மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் லாரி. காலையிலிருந்து தலைவலி, கண் மங்குகிறது என்றாள். முகம் ஊதியிருந்தது. பி.பி. பார்த்தேன், 170-க்கு 110. மறுபடி பார்த்தேன். அதேதான். சிறுநீரில் புரதம் மூன்று பிளஸ். எந்த நிமிடமும் வலிப்பு வரலாம். எங்கள் நிலையத்தில் உள்ளே சிக்னல் கிடையாது. வாசற்படியின் வலது ஓரத்தில் நின்றால் இரண்டு புள்ளி வரும். அங்கே நின்று ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியில் எடுத்துவிட்டார். “சொல்லுங்க சிஸ்டர்” என்றார்.

அந்தப் பெண்ணை அவருக்கு ஏற்கெனவே தெரியும், ஐந்தாம் மாதத்தில் அவர்தான் பார்த்தார். என்னையும் நான்கு வருடமாகத் தெரியும். நான் 170 என்றால் அது 170-தான் என்று நம்பினார். வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேட் ஊசியை முதல் டோஸ் போட்டு அனுப்பலாம் என்று எங்களுக்குப் பயிற்சி உண்டு. ஆனால் பயிற்சி வேறு, தனியாக ஒரு உயிரை வைத்துக்கொண்டு நிற்பது வேறு. மாமியார் கையில் போனைக் கொடுத்துப் படியிலேயே ஸ்பீக்கரில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். டாக்டரம்மா சொல்லச் சொல்லப் பத்து ஆம்பூலையும் ஒவ்வொன்றாக உடைத்து, இரண்டு பக்கமும் 5 கிராம் வீதம் ஆழமாகப் போட்டேன். இடது பக்கமாகப் படுக்க வைக்கச் சொன்னார். மூச்சை எண்ணச் சொன்னார். நான் எண்ணி முடிப்பதற்குள் இன்னொரு போனில் அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டுக்குச் சொல்லிவிட்டிருந்தார். 108 வந்தபோது மணி ஏழு. அன்றிரவே அறுவை சிகிச்சை. குழந்தை எடை குறைவுதான், ஆனால் அழுதது. இப்போது அந்தப் பையன் பள்ளிக்கூடம் போகிறான்.

மறுநாள் எனக்கு ஒரு செய்தி வந்தது. அந்தத் தாயின் வருகைப் பதிவு ஒரு நாள் தாமதமாக ஏற்றப்பட்டிருக்கிறது, காரணம் தெரிவிக்கவும் என்று.

அந்தச் செய்தியை அனுப்பியவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருடைய திரையில் அது மட்டும்தான் தெரிந்திருக்கும். என் கையில் இருந்த ஒரே போனுக்குள் இரண்டு வேலை இருந்தது என்பதைத்தான் உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். ஒன்று, கீழே உதவியைக் கொண்டுவந்தது. அது சாதாரண வாய்ஸ் கால். இன்னொன்று, மேலே தகவலைக் கொண்டுபோனது. அதற்குத்தான் செயலி, சர்வர், பயிற்சி, ரெவ்யூ மீட்டிங் எல்லாம். முதல் வேலைக்கு யாரும் ஏற்பாடு செய்யவில்லை. அந்த டாக்டரம்மாவின் நல்ல மனசும், அவருடைய சொந்த நம்பர் என்னிடம் இருந்ததும்தான் ஏற்பாடு. அவர் மாற்றலாகிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்தால் கை குளிர்கிறது.

இதற்கு நேர்மாறாக நடந்ததும் உண்டு. அதைச் சொல்வது எனக்குச் சுலபமில்லை.

எங்கள் ஊரில் மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்தவர் ஒருவர். ஐம்பது வயதுக்குள். ரத்தக் கொதிப்பு என்று தெரிந்து மாதாமாதம் நிலையத்துக்கு வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு போவார். ஒரு மாதமும் தவறமாட்டார். வரும்போதெல்லாம் பி.பி. பார்ப்போம், செயலியில் பதிவோம். 180, 176, 184 என்று ஏழு மாதம் அப்படியே இருந்தது. ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டம் சிவப்பாக மாறும். “மாத்திரை வழங்கப்பட்டது” என்று டிக் போட்டால்தான் அடுத்த பக்கம் போகும். டிக் போட்டோம். டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். “ஒரு நாள் கூலி போகும், பாலும் கெட்டுப்போகும், அடுத்த மாசம் பார்க்கலாம்மா” என்பார். எட்டாவது மாதம் மாட்டுக் கொட்டகையிலேயே விழுந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் பேச்சும் போய்விட்டது.

ஏழு மாதத்துப் பதிவும் ஒரு தேதி பிசகாமல் சரியாக இருந்தது. மாவட்டத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்திருக்கலாம். அவருக்கு மாத்திரை போதவில்லை, அளவைக் கூட்ட வேண்டும் என்பதை அந்த ஏழு எண்களைப் பார்க்கும் எந்த டாக்டரும் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார். ஆனால் அந்த எண்கள் எந்த டாக்டரின் கண்ணுக்கும் போகவில்லை. எத்தனை பேருக்குப் பரிசோதனை நடந்தது என்ற கூட்டுத்தொகைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன. நானும் சிவப்பைப் பார்த்துவிட்டு டிக் போட்டவள்தான். அன்றைக்கே போனை எடுத்து டாக்டரம்மாவைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அன்று வரிசையில் நாற்பது பேர் இருந்தார்கள் என்பது உண்மை. அது எனக்குச் சமாதானம் ஆகவில்லை.

இது ஒரு மனிதரின் கதை மட்டும் இல்லை. 2020-ல் தமிழ்நாட்டில் எடுத்த ஸ்டெப்ஸ் என்ற தொற்றா நோய்க் கணக்கெடுப்பில், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்குத்தான். சர்க்கரை நோய் கட்டுக்குள் இருந்தது 10.8 சதவீதம் பேருக்கு. அதற்கு அடுத்த வருடம் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்து மாத்திரை வீட்டு வாசலுக்கே போனது. கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைக் கண்ணால் பார்த்தேன். மாத்திரை வாசலுக்கு வந்துவிட்டது. டாக்டரின் முடிவும் அதே வாசலுக்கு வர வேண்டும். அதற்குப் போனைவிடப் பொருத்தமான சாதனம் வேறு இல்லை. மலையேறி வர முடியாத டாக்டரின் கண், அந்த ஏழு எண்களின் மேல் மாதம் ஒரு தடவை படுவதற்கு ஒரு நிமிடம் போதும்.

நடக்காத காரியத்தைக் கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நம் ஊரிலேயே நடந்து காட்டியிருக்கிறது. 2022-ல் தொடங்கிய தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காசநோய் என்று உறுதியானதும் செவிலியர் பார்ப்பது சில விஷயம்தான். உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, ஆக்சிஜன் அளவு எவ்வளவு, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. ஒரு தாளில் எழுதிவிடலாம். நிலைமை மோசம் என்று அது காட்டினால், அந்த நோயாளியை உடனே மருத்துவமனையில் சேர்த்துக் கவனிக்க வேண்டும். அந்தத் தாளுக்குப் பின்னால் ஒரு படுக்கையும் ஒரு டாக்டரும் தயாராக இருப்பார்கள். எனக்கு அதில் பிடித்ததே அதுதான். கேட்கிற கேள்வி ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டிய ஒரு காரியம் இருந்தது. காரியம் இல்லாத கேள்வி அதில் இல்லை. உங்கள் செயலியில் இருக்கும் கட்டங்களை எடுத்துவைத்துக்கொண்டு, இந்தக் கட்டத்தில் இப்படி ஒரு விடை வந்தால் யார் என்ன செய்வார் என்று பக்கத்திலேயே எழுதிப் பாருங்கள். எழுத முடியாத கட்டங்களை எடுத்துவிடலாம்.

இன்னொன்று, அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்கள். 2004-ல் முதல் மையம் வந்தது. இன்று நூறைத் தாண்டிவிட்டன. சின்ன ஊரில் ஒரு கட்டடம், பயிற்சி பெற்ற பெண்கள் இரண்டு மூன்று பேர். அவர்கள் கண்ணைப் பரிசோதித்து எழுதிவிடுவார்கள். பெரிய மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் அதைப் பார்த்து வீடியோவில் நோயாளியிடமே பேசுவார். என் அத்தை ஒருவர் அப்படிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “டாக்டர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு” என்று பத்து நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே தொழில்நுட்பம் இருக்கிறது, ஆனால் நோயாளிக்குப் பக்கத்தில் ஒரு ஆள், அந்தப் பக்கம் ஒரு ஆள். நடுவில்தான் கருவி.

அரசாங்கத்திலும் இதற்கு வழி இருக்கிறது. டாக்டரிடம் போனிலோ கணினியிலோ பேசவைக்கும் இ-சஞ்சீவனி சேவை 2023 பிப்ரவரியிலேயே நாடு முழுக்க 10 கோடி ஆலோசனைகளைத் தாண்டியது. அதில் 1 கோடியே 23 லட்சத்துக்கு மேல் தமிழ்நாட்டில் நடந்தவை. இத்தனை பேர் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. சட்டத்திலும் தடை இல்லை. 2020 மார்ச் 25-ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டி நெறிமுறைகள், வீடியோவோடு வெறும் குரல் அழைப்பையும் எழுத்துச் செய்தியையும்கூட ஏற்றுக்கொள்கின்றன. நோயாளியின் பக்கத்தில் சுகாதாரப் பணியாளர் இருந்து டாக்டருடன் பேசவைப்பதையும் ஏற்கின்றன. எந்த மருந்தை எப்படிப் பேசும்போது எழுதலாம், எதை எழுதவே கூடாது என்றும் பிரித்திருக்கிறார்கள். வாசற்படியில் நின்று நான் பேசிய அந்த வாய்ஸ் கால் தற்செயலாக நடந்தது. அதையே ஏற்பாடாக மாற்றுவதற்கு வேண்டியதெல்லாம் கையில் இருக்கிறது.

இல்லாதது டாக்டரின் நேரம்தான். புறநோயாளிகள் நூறு பேர் காத்திருக்கும்போது ஓரமாக ஒரு லேப்டாப்பை வைத்து, இதையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் அவர் என்ன செய்வார்? தினமும் மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை இந்த டாக்டர் இந்த ஆறு துணை நிலையங்களுக்கு மட்டும் என்று ஒதுக்குங்கள். அதே டாக்டர், அதே செவிலியர்கள். முகம் தெரிந்தால் நம்பிக்கை தானாக வரும். தினமும் வேறு வேறு முகம் வந்து முதலிலிருந்து கதை கேட்டால் எங்கள் ஊர்ப் பெண்கள் வாயே திறக்கமாட்டார்கள். “ஒண்ணுமில்ல டாக்டர், லேசா தலைவலி” என்று முடித்துவிடுவார்கள்.

சரி, போன் யாருடையது என்ற விஷயத்துக்கு வருகிறேன். இதை நகரத்தில் உட்கார்ந்து யோசிப்பது கஷ்டம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு, 2019-21-ல் எடுத்தது. தாங்களே பயன்படுத்தும் செல்போன் உள்ள பெண்கள் நாடு முழுக்க 54 சதவீதம்தான் என்று அதில் வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட்போன் இருக்கும். அது ஆம்பிளை கையில் இருக்கும். ஆம்பிளை கேரளாவில் மிளகு பறிக்கவோ, கர்நாடகாவில் காப்பித் தோட்டத்துக்கோ போயிருப்பார். வீட்டில் இருக்கும் பெண்ணிடம் பட்டன் போன், அதுவும் ரீசார்ஜ் தீர்ந்தது. இங்கே நான் அவளைப் பதிவு செய்ய உட்கார்ந்தால் ஓ.டி.பி. கேரளாவுக்குப் போகும். அவர் மரத்தின் மேல் இருப்பார். இறங்கி வந்து பார்த்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். மறுபடி அனுப்பினால் அவருக்குச் சிக்னல் இருக்காது. இப்படி ஒரு பெண்ணுக்கு மூன்று வாரம் அலைந்திருக்கிறேன். கர்ப்பிணிகளுக்கான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் வரும் 18,000 ரூபாய் உதவிக்கு அந்தப் பதிவு வேண்டும். ரத்தம் குறைவாக இருந்த பெண். பேரீச்சம்பழமும் பருப்பும் வாங்க வேண்டிய மாதத்தில் அவள் ஓ.டி.பி.க்குக் காத்திருந்தாள். செவிலியர் நேரில் பார்த்து இவள்தான் என்று உறுதி சொன்னால் அது போதாதா? அவளுடைய வயிற்றில் கை வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்டவள் நான். என்னைவிட அந்த ஆறு எண்ணுக்கு அவளை அதிகமாகத் தெரியுமா?

அப்புறம் தேதி. செயலியில் முதல் கேள்வியே கடைசி மாதவிடாய்த் தேதி. நாள், மாதம், வருடம் என்று மூன்று கட்டம். எங்கள் பெண்கள் சொல்வது எப்படித் தெரியுமா? “மாட்டுப் பொங்கல் முடிஞ்சு நாலாம் நாள் தலைக்குக் குளிச்சேன்.” “ஆடிப்பெருக்குக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போனேன், அங்கதான்.” “மாரியம்மன் கோயில் கம்பம் நட்ட அன்னிக்கு வரவேண்டியது, வரல.” இதெல்லாம் துல்லியமான தேதிகள். அவர்கள் தப்பாகச் சொல்வதே இல்லை. நான்தான் காலண்டரைப் புரட்டிக் கணக்குப் போடுவேன். புதிதாக வந்த பிள்ளைகள் அவசரத்தில் உத்தேசமாக ஒரு தேதியைப் போட்டுவிடுகிறார்கள். தேதி இரண்டு வாரம் பிசகினால் பிரசவ நாள் பிசகும், மலையில் இருப்பவளை முன்கூட்டியே கீழே கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாடும் பிசகும். தமிழ் மாதமும் பண்டிகைகளும் போட்ட ஒரு காலண்டரைத் திரையில் காட்டி, அதைத் தொட்டால் தேதி தானாக விழும்படி செய்வது உங்களுக்கு ஒரு நாள் வேலையாக இருக்குமா? எங்களிடம் யாராவது கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்போம்.

பட்டன் போனைக் குறைவாக எண்ணாதீர்கள். பிகாரில் தொடங்கி, 2016-ல் மத்திய அரசே எடுத்துக்கொண்ட கில்காரி என்று ஒரு சேவை இருக்கிறது. கர்ப்பத்தின் நான்காவது மாதத்திலிருந்து குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை வாரம் ஒரு அழைப்பு, மொத்தம் 72. பதிவு செய்த குரல்தான் பேசும். அந்த வாரத்துக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் சொல்லும். ஸ்மார்ட்போன் வேண்டாம், படிக்கத் தெரிய வேண்டாம். குரலுக்கு அந்த வசதி உண்டு. ஆனால் அதிலும் கவனம் வேண்டும். மாத்திரை அட்டையில் மறைந்திருக்கும் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் காசநோய் மாத்திரை போட்டதாகக் கணக்கு வைக்கும் முறை ஒன்று வந்தது. நல்ல யோசனைதான். ஆனால் மிஸ்டு கால் வரவில்லை என்றால் மாத்திரை போடவில்லை என்று அர்த்தமில்லை, பேரன் போனை எடுத்துக்கொண்டு போயிருப்பான். மிஸ்டு கால் வந்ததாலேயே மாத்திரை வயிற்றுக்குள் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. நேரில் போய்த் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். எந்தத் திண்ணைக்கு இன்றைக்குப் போக வேண்டும் என்பதைப் போன் சொல்லட்டும். அவ்வளவு உதவி செய்தாலே பெரிது. காலையில் திறந்தவுடன், இந்த வாரம் பிரசவ நாள் உள்ளவர்கள் இவர்கள், தடுப்பூசி விட்டுப்போன குழந்தைகள் இவர்கள், பி.பி. இறங்காதவர்கள் இவர்கள் என்று ஒரு பக்கம் வந்தால் போதும். நாங்கள் அனுப்பிய தகவல்தானே. எங்களுக்குத் திரும்பி வரட்டும்.

சிக்னலைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். 4ஜி இல்லாத 24,680 கிராமங்களுக்கு அதைக் கொண்டுபோக 26,316 கோடி ரூபாய் என்று மத்திய அரசு 2022 ஜூலையில் முடிவெடுத்தது. கோபுரம் எல்லா மலைக்கும் வரட்டும். வரும்வரை, சிக்னல் இல்லாத இடத்தில் பதிந்ததைப் போனே பத்திரமாக வைத்திருந்து, சிக்னல் வந்ததும் தானாக அனுப்பும்படி செய்யுங்கள். அனுப்பிய தேதியைப் போடாமல் பார்த்த தேதியைப் போடுங்கள். பாதியில் நின்றால் முதலிலிருந்து கேட்காதீர்கள். ஒரே தாயின் பெயரையும் வயதையும் முகவரியையும் மூன்று செயலியில் மூன்று தடவை தட்டச் சொல்லாதீர்கள். நாங்கள் தட்டும் நேரம் அவளைப் பார்க்காத நேரம். அவளும் அதைக் கவனிக்கிறாள். “நர்சம்மா இப்பல்லாம் போனைத்தான் பார்க்குது, நம்ம மூஞ்சியப் பார்க்கறதில்ல” என்று என் காதுபடவே சொன்னார்கள்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாமல் விட முடியாது. காசநோய் வந்து ஆறு மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டுக் குணமான ஒரு பெண். அவளுடைய பெயர், ஊர், போன் நம்பரோடு ஒரு பட்டியல் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. வேலைக்காக வைத்திருந்த குழுதான். அதிலிருந்து யாரோ யாருக்கோ அனுப்ப, ஊருக்குள் வந்துவிட்டது. பேசி முடித்திருந்த கல்யாணம் நின்றுபோனது. அவள் அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்று அழவில்லை, திட்டவும் இல்லை. “உங்ககிட்டதானம்மா சொன்னோம்” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பதிவேடு இருந்த காலத்தில் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொள்வேன். இப்போது சாவி யாரிடம் இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. அது எங்கள் ஊர்க் காசநோயாளிக்கும், கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண்ணுக்கும், எச்.ஐ.வி. உள்ள தாய்க்கும் வேலை செய்யும்படி நீங்கள்தான் உங்கள் திரையில் எழுத வேண்டும். பட்டியலில் யாருக்குப் பெயர் தெரிய வேண்டும், யாருக்கு எண்ணிக்கை போதும் என்று பிரியுங்கள். வேலை சம்பந்தமாகப் பேசிக்கொள்ள வாட்ஸ்அப்பைத் தவிர வேறு வழி வைக்காமல், வாட்ஸ்அப்பில் போடாதே என்று மட்டும் சொன்னால் நடக்காது.

அதிகம் எழுதிவிட்டேன். உங்களில் யாராவது ஒருவர், ஒரே ஒரு நாள், எங்கள் பக்கத்துச் செவிலியர் ஒருத்தியோடு காலை முதல் மாலை வரை கூடவே நடந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். சாப்பாடு என் வீட்டில். அவளுடைய பையையும் நீங்களே தூக்கிப் பாருங்கள். எடை பார்க்கும் கருவி, பி.பி. கருவி, தடுப்பூசி கேரியர், இரண்டு போன், ஒரு பவர் பேங்க் எல்லாம் அதில் இருக்கும்.

எனக்குப் போன் செய்த அந்தப் பெண், வைக்கும் முன்னால் ஒன்று கேட்டாள். “டிரெயினிங்ல ஏதாவது சந்தேகம் இருக்கான்னு கடைசியில கேப்பாங்க அக்கா. எல்லாரும் ஒண்ணுமில்லன்னு எழுந்திருச்சிருவோம். நான் என்ன கேட்கட்டும்?”

நான் சொன்னேன்: “ராத்திரி பத்து மணிக்கு ஒரு தாய்க்கு பி.பி. 170 வந்தா, இதுல எதை அமுக்கினா யார் எடுப்பாங்கன்னு கேளு.”

எழுதி வைத்துக்கொள்கிறேன் என்றாள். அடுத்த வாரம் அந்தப் பயிற்சியில் அவள் இதைக் கேட்பாள். பதிலோடு வாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்
கல்வராயன் மலையடிவாரம்